பெண்கள் தொழில்கடன்: மெஷினுக்குப் பணம் உண்டு, துணிக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் மேளா நடந்தால் மறுநாள் செய்தியில் இரண்டு எண்கள் தவறாமல் வரும்: மானியம் எத்தனை சதவீதம், எத்தனை பேருக்கு ஆணை வழங்கப்பட்டது. சென்னையில் ஒரு பெண் தொடங்கும் சிறுதொழில் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று கேட்டால் இந்த இரண்டிலும் விடை கிடைக்காது. மானியத்தை 25 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினாலும் அந்த இடம் மாறப்போவதில்லை. மெஷின் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டங்கள் ஏராளம். அந்த மெஷினில் போட்டுத் தைக்கத் துணி வாங்குவதற்குப் பணம் கொடுப்பதில்தான் கை சுருங்குகிறது. திட்டத்தை நடத்துகிற அதிகாரிகளுக்கும், விண்ணப்பிக்க நினைக்கும் பெண்களுக்கும் பயன்படட்டும் என்று, பெண்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரும் நாங்கள் இதைக் கணக்கோடு எழுதுகிறோம்.

பெண்கள் அதிகம் கேட்டு வருவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008-இல் வந்தது. 2022-இல் வரம்பு உயர்ந்து, உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு, அதாவது தொழிலுக்கு ஆகும் மொத்தச் செலவு, காட்டலாம் என்றானது. பெண் என்பதே இதில் சிறப்புப் பிரிவு. சாதிச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். கைக்காசு 5 சதவீதம் போதும். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். சென்னை மாநகராட்சிக்குள் தொழில் வைத்தால் 25. எல்லை தாண்டி திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் வைத்தால் அதே தொழிலுக்கு 35. இந்த 10 சதவீதத்துக்காக அங்கே முகவரி மட்டும் காட்டிவிட்டு இங்கே தொழில் நடத்தச் சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் விழ வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

மானியம் கையில் வரும் பணம் என்று பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கையில் வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே, கடன் வாங்கியவர் பெயரில் மூன்று ஆண்டு டெபாசிட்டாகக் கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி இல்லை; அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். ஆக, இது தொடங்குவதற்கான முதல் அல்ல. மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. அந்த மூன்று ஆண்டைக் கடக்க என்ன வேண்டும் என்று யோசித்துத்தான் திட்டமே போட்டிருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். விலைகள் உதாரணத்துக்குத்தான், அளவுகளைக் கவனியுங்கள். பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட். ஆறு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மெஷின், 12-க்கு 4 அடி கட்டிங் டேபிள், ஸ்டீம் அயர்ன், ஒயரிங். காஜாவும் பட்டனும் வெளியே பீஸ் ரேட்டில் போட்டுக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே காஜா மெஷின் வாங்குவது வீண். இவ்வளவுக்கும் 4 லட்சம். துணிக்கும் கூலிக்கும் நடைமுறை மூலதனம் 2 லட்சம். மொத்தம் 6 லட்சம். கைக்காசு 30,000, மானியம் ஒன்றரை லட்சம். வங்கிக்குக் கொடுக்கும் திட்ட ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

சாங்ஷன் ஆகி வரும்போது அந்த 2 லட்சம் காணாமல் போயிருக்கும். 'முதலில் மெஷினைப் போடுங்கள், ஓடட்டும், பிறகு பார்ப்போம்' என்பார்கள். மெஷின் வங்கிக்கு அடமானமாக நிற்கும், துணி நிற்காது என்பதுதான் காரணம். திட்ட மதிப்பு 4 லட்சமாகச் சுருங்கும், மானியமும் 1 லட்சமாகச் சுருங்கும். வங்கிக் கடன் 3,80,000. வட்டி 11 சதவீதம், ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 8,260 ரூபாய். மானியத் தொகையான 1 லட்சத்தைக் கழித்துவிட்டு 2,80,000-க்குத் தவணை போட்டால் 6,090. மானியம் டெபாசிட் ஆன பிறகும் பல கணக்குகளில் தவணை பழைய தொகையிலேயே ஓடுகிறது. வட்டிக் கழிவைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மானியம் வரவான தேதியும், அந்தத் தேதியிலிருந்து வட்டி எந்தத் தொகைக்குப் போடப்படுகிறது என்பதும் கடன் ஸ்டேட்மெண்டில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

இப்போது 1,000 செட் ஆர்டர் வருகிறது. ஒரு செட்டுக்குத் துணி 350, தையல் கூலி 120, நூல், பட்டன், காஜா, கவர் எல்லாம் 30. ஆக 500 ரூபாய். விற்பது 620-க்கு. ஆறு பேர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து செட் தைத்தால் 30 செட். ஞாயிறு விடுமுறையும் சேர்த்து 1,000 செட்டுக்கு 40 நாள். சரக்கு போய் 60 நாள் கழித்துப் பணம் வரும். ஆக, துணி வெட்டிய நாளிலிருந்து நூறாவது நாள்தான் கல்லாவில் காசு விழும். அதுவரை 5 லட்சம் வெளியே நிற்க வேண்டும். மொத்தத் துணிக்கடைகள் உள்ள கோடவுன் தெருவில் பழகிய கை என்றால் கொஞ்சம் கடனுக்குத் துணி கிடைக்கும். புது ஆளுக்கு ரொக்கம்தான். தையல் கூலி காத்திருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் 21,600 ரூபாய் எண்ணி வைக்காவிட்டால் திங்கட்கிழமை இரண்டு மெஷினில் ஆள் இருக்காது.

வங்கி கொடுக்காத இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கழுத்திலும் காதிலும் இருப்பது அடகுக் கடைக்குப் போகும். மிச்சத்துக்குத் தண்டல். பத்தாயிரத்துக்கு எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. கையில் 3 லட்சம் வர 3,33,000-க்கு மேல் எழுத வேண்டும். வட்டி மட்டும் 33,000. அதே 3 லட்சத்தை வங்கி 11 சதவீதத்தில் நூறு நாளுக்குக் கொடுத்திருந்தால் 9,000 ரூபாய்தான். வட்டியைவிட மோசமானது தவணை நாள். தண்டல்காரர் மறுநாள் காலையிலிருந்தே நாளுக்கு 3,300 ரூபாய்க்கு மேல் கேட்டு நிற்பார்; சீருடைப் பணமோ நூறாவது நாள்தான் வரும். இந்த இடைவெளியை அடைக்க இன்னொரு தண்டல், அதை அடைக்க மகளிர் குழுக் கடன். ஆயிரம் செட்டில் கிடைத்த மீதம் 1,20,000. மூன்று மாத வாடகை 36,000, தவணை 24,800, தண்டல் வட்டி 33,000 போனால் நிற்பது 26,000. ஈ.பி. பில்லும் நகைக்கடன் வட்டியும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

அதனால்தான் சொல்கிறோம்: மெஷினுக்கான டெர்ம் லோனும், நடைமுறை மூலதனத்துக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கேஷ் கிரெடிட்டும் ஒரே நாளில், ஒரே ஆணையில் வர வேண்டும். கேஷ் கிரெடிட்டின் அளவு, ஒரு முழு ஆர்டர் சுற்றுக்கு ஆகும் செலவைக் கொண்டு முடிவாக வேண்டும். கொட்டேஷனில் மெஷின் விலை போக மிஞ்சியதைக் கொடுப்பது அளவாகாது. மாவட்ட அளவில் பரிந்துரைத்த நடைமுறை மூலதனத்தை வங்கி வெட்டினால் ஏன் வெட்டியது என்று எழுத வேண்டும்.

கேஷ் கிரெடிட் கிடைத்தவர்கள் செய்யும் எதிர்த் தவறு ஒன்று உண்டு. கடன் ஏறிவிடுமே என்று பயந்து அதைத் தொடாமலே வைத்திருப்பார்கள். பிரதமர் திட்ட விதிப்படி மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது முழு வரம்பையும் எடுத்திருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இதை சாங்ஷன் கடிதத்தின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போடலாம். யாரும் போடுவதில்லை.

நடைமுறை மூலதனத்தை நினைத்துப் பார்த்த திட்டங்களும் இல்லாமல் இல்லை. 2020-இல் வந்த உணவு பதப்படுத்தும் குறுநிறுவனத் திட்டத்தில், சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை, சரக்குக்கும் சிறு கருவிகளுக்கும் என்றே தொடக்க நிதி வைத்தார்கள். ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி போடுகிறவர்களுக்கு ஏற்ற அளவு அது. குழுக்களுக்கு வங்கி தரும் கடனும் பிணையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் பணம் வந்த அன்றே பன்னிரண்டு பேரும் சமமாகப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். தொழில் நடத்தும் மூன்று பேருக்குப் போதாமலும், மற்றவர்களுக்குத் தேவையில்லாமலும் போகிறது. யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று தீர்மான நோட்டில் எழுதிப் பிரித்த குழுக்கள் பிழைத்துக்கொள்கின்றன.

சிறுதொழிலுக்குப் பிணையில்லாமல் வங்கிக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் மானியம் கிடையாது. கிடைக்கும் என்று சொல்லி யாராவது கமிஷன் கேட்டால் அவர் பொய் சொல்கிறார். மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. கடை வைத்து வியாபாரம் செய்யவும் கிடைக்கும், வயது வரம்பும் குடும்ப வருமான வரம்பும் பார்ப்பார்கள். ஒன்றில் மானியம் வாங்கியவர் மற்றொன்றில் வாங்க முடியாது. சென்னையில் மானியத் திட்டங்களுக்குப் போக வேண்டிய இடம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள தொழில் வணிகத் துறை மண்டல அலுவலகம்.

இனி, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது, இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் தவறுகள் மூன்று ஆண்டு துரத்துகின்றன. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிகிறார்கள். அங்கே இருப்பவர் அவசரத்தில் தன் கைபேசி எண்ணையோ, கூட வந்த கணவரின் எண்ணையோ போட்டுவிடுவார். பிறகு எந்தத் திருத்தம் செய்யப் போனாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். சென்டர்காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். தனியார் இணையதளங்கள் சில அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி இரண்டாயிரம், மூவாயிரம் வாங்குகின்றன. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைத் தட்டுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு தொழில் குறியீடு. 'என்ன தொழில்?' என்று கேட்பார். 'சுடிதார் தைத்து விற்கிறேன்' என்று சொல்வார்கள். 'விற்கிறேன்' என்ற சொல் காதில் விழுந்ததும் 47 என்று தொடங்கும் சில்லறை வியாபாரக் குறியீட்டை அழுத்திவிடுவார். ஆடை உற்பத்தி 14-இல் தொடங்கும். உணவுப் பொருள் தயாரிப்பு 10. மெஸ், டிபன் கடை 56. வெறும் எண் மாற்றம்தானே என்று விட்டுவிடக் கூடாது. வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்கு மட்டும்தான் சேர்த்தார்கள். அரசுக் கொள்முதல் சலுகையும், தாமதமான பணத்துக்கு வட்டி கேட்கும் உரிமையும் உற்பத்திக்கும் சேவைக்கும் மட்டுமே. தானே தைக்கிற பெண் 47-இல் பதிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் துணிக்கடைக்காரர். உற்பத்தியைச் சேவை என்று போட்டாலும் சிக்கல் வரும்: பிரதமர் திட்டத்தில் உற்பத்தி என்றால் 10 லட்சம் வரை படிப்புச் சான்று கேட்கக் கூடாது, சேவை என்றால் 5 லட்சத்தைத் தாண்டினாலே எட்டாம் வகுப்புச் சான்று வேண்டும். ஐந்தாவதோடு நின்ற ஒருவரின் 6 லட்சம் ரூபாய் விண்ணப்பம் ஒரு குறியீட்டால் தள்ளுபடியாகும். பதிவு முடிந்ததும் சான்றிதழைப் படித்துப் பாருங்கள்: பெயர், பாலினம், கைபேசி எண், குறியீடு. தவறு இருந்தால் அதே தளத்தில் திருத்தலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

சென்னையின் தனித்துவமான தொல்லை இடம். வாடகை ஒப்பந்தம் 11 மாதம். மானிய டெபாசிட் 36 மாதம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. மூன்று ஆண்டில் இரண்டு முறையாவது இடம் மாறுவது இங்கே சாதாரணம். ஆய்வுக்கு வருகிறவர் பழைய முகவரிக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்து, 'யூனிட் இல்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார். தெரு முனையில் அதே பெண் அதே ஆறு மெஷினை வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார். ஊராட்சி முகவரி வேண்டாம் என்று முதலில் சொன்னதும் இதனால்தான்; அங்கே போய்ப் பார்த்தால் உண்மையிலேயே யூனிட் இருக்காது. இடம் மாறினால் அந்த வாரமே வங்கிக் கிளைக்கும் கிண்டி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உத்யமிலும் முகவரியை மாற்றுங்கள். உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவிலும்.

வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட மறுப்பதற்கும் காரணம் இருக்கிறது, அவரைத் திட்டிப் பயனில்லை. தொழில் நடக்கிறது என்று எழுத்தில் வந்தால் மாநகராட்சி சொத்து வரியைக் குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு உரிய விகிதத்துக்கு மாற்றும். மின் இணைப்பும் வீட்டுக் கட்டணத்திலிருந்து மாறும். ஆறு பவர் மெஷின், ஸ்டீம் அயர்ன், கட்டிங் மெஷின் எல்லாம் சேர்ந்தால் 4 கிலோவாட்டைத் தொட்டுவிடும்; மும்முனை இணைப்பு கேட்கும் நிலை. வீட்டு இணைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்து ஆய்வில் மாட்டினால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் விதிப்பார்கள், பில் வருவது உரிமையாளர் பெயருக்கு. குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் என்று மலிவான தனிக் கட்டண வகை இருக்கிறது. இணைப்பு வாங்கும்போதே உத்யம் சான்றிதழை வைத்து அதைக் கேளுங்கள். கேட்காவிட்டால் வணிகக் கட்டணத்தில் போட்டுவிடுவார்கள். மும்முனை இணைப்புக்கான டெபாசிட்டையும் ஒயரிங் செலவையும் ரிப்போர்ட்டிலேயே சேருங்கள். பத்து மாத அட்வான்ஸ் மட்டும் திட்ட மதிப்பில் ஏறாது, அதைத் தனியாகப் புரட்ட வேண்டும். இடமே தொழிலின் முதல் செலவாக இருக்கும் ஊரில் இது விதியின் குறை.

திருமுல்லைவாயிலில் சிட்கோவின் மகளிர் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆறு மெஷின் வைக்கும் பெண்ணுக்குத் தொழிற்பேட்டை மனை பெரிது. அவருக்கு வேண்டியது 300 சதுர அடி. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களில் நகருக்குள் டிபன் போட்டவர்கள், தைத்துக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளரை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாரியக் குடியிருப்பு வளாகங்களிலேயே மும்முனை மின்சாரத்துடன் சிறு சிறு தொழிற்கூடங்கள் கட்டி, மூன்று ஆண்டுக் குத்தகைக்கு, பெண்ணின் பெயரிலேயே கொடுத்தால் இடத்தைப் பற்றி மேலே எழுதிய அத்தனையும் ஒரே வீச்சில் தீரும்.

கணவர் நடத்தும் தொழிலுக்கு மனைவி பெயரில் கடன் வாங்குவது ஊரறிந்த ரகசியம். பெயருக்கு அம்மா, வேலைக்கு ஐயா. இதைத் தடுக்கப் போய், உண்மையாகத் தொழில் செய்கிற பெண்ணிடமும் 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா' என்கிறார்கள். அவரைக் கூட்டிவந்ததும் கேள்வியெல்லாம் அவரிடமே போகிறது. யாருடைய தொழில் என்று கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. நாளைக்கு எத்தனை பீஸ், யார் வாங்குகிறார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்று கேள்வியை விண்ணப்பித்தவரிடம் கேட்டால் போதும். தொழில் செய்கிறவர் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அதனால் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: ஆடிட்டரிடம் மூவாயிரம் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டை ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். பொடி அரைக்கும் தொழிலுக்கான ரிப்போர்ட்டில் பக்கத்து விண்ணப்பத்தின் பேப்பர் தட்டுக் கணக்கு ஒட்டிக்கொண்டிருப்பது புதிதல்ல.

கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று வங்கி பார்க்கும் சிபில் மதிப்பெண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் பெண்கள் வாங்கிய தொழில்கடன் அல்ல. மகனுக்காக அம்மா பெயரில் எடுத்த பைக் கடன், அக்கா தங்கைக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, கரோனா காலத்தில் பேசி முடித்த கடன். பேசிக் குறைத்துக் கட்டியது அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும், 'க்ளோஸ்டு' என்று நிற்காது. வங்கி இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிப்பதற்கு மூன்று மாதம் முன்பே எடுத்துப் பார்த்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

10 லட்சம் வரை குறுந்தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. வங்கியின் இழப்பை ஈடுசெய்ய 2000-த்திலிருந்து கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. பெண்களின் தொழிலுக்கு அதில் கூடுதல் ஈடும், கட்டணத்தில் 10 சதவீதச் சலுகையும் உண்டு. ஆனாலும் 'சொந்த வீடு இருக்கா?' என்ற கேள்வி நிற்கவில்லை. வாயால் கேட்பார்கள், எழுத்தில் கேட்க மாட்டார்கள். விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகை கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர வேண்டியது வங்கியின் கடமை. 30 நாளில் புகாருக்குப் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எழுத்தில் கேட்ட அன்றே விண்ணப்பம் மேசை மாறுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

விற்பனைப் பக்கம் வருவோம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த 25-க்குள் 3 சதவீதம் பெண்களுடையவற்றுக்கு என்று 2018-இல் சேர்த்தார்கள். டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். கூட்டு நிறுவனம் என்றால் 51 சதவீதம் பெண்களிடம் இருக்க வேண்டும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் என்று சென்னையைச் சுற்றிலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கையுறை, சீருடை, அலுவலக உணவு, துப்புரவுப் பொருள் என்று நம் பெண்கள் செய்யக்கூடியதையே வாங்குகிறார்கள். அரசுத் துறைகள் இணையத்தில் பொருள் வாங்கும் தளமான அரசு மின் சந்தையில் பதிந்து, பட்டியலில் பொருளை ஏற்றத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் கல்லூரிச் சந்தை நடத்துகிறது, 'மதி' என்ற பெயரில் விற்கவும் வழி செய்திருக்கிறது, நல்ல வேலை. அதே அக்கறையோடு, ஒவ்வொரு மண்டலத்திலும் வாரம் ஒரு நாள் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து டெண்டர் ஏற்றிக் கொடுத்தால் சந்தை நடத்துவதைவிடப் பலன் கூடுதலாக இருக்கும்.

வாங்கியவர் பணம் தராவிட்டால்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. மேலே கணக்கில் வந்த 60 நாள் என்பதே சட்டத்துக்குப் புறம்பானது. தாமதப் பணத்துக்கான அரசு இணையதளத்தில் புகார் ஏற்றினால், இதற்கென்றே உள்ள அரசின் வசதிக் குழு விசாரிக்கும். அதற்குப் பில்லில் உத்யம் எண் அச்சாகியிருப்பதும், பொருள் கொடுக்கும் முன்பே அந்தப் பதிவு இருப்பதும் நல்லது, டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் 'சரக்கு வந்துருச்சு' என்று வந்த செய்தியை மட்டும் நம்பாமல் சலானில் கையெழுத்து வாங்குங்கள். 2024 ஏப்ரல் முதல், குறுநிறுவனங்களுக்கு உரிய நாளைத் தாண்டி மார்ச் 31 வரையிலும் பணம் தராத வணிகர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. மார்ச் மாதம் நினைவூட்டல் அனுப்பும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால் வேலை செய்கிறது. ஆனால் இதற்குப் பயந்து 'உத்யம் இல்லாத ஆளா இருந்தா ஆர்டர் தர்றோம்' என்று சொல்லும் பெரிய கடைகளும் முளைத்துவிட்டன.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பெண்கள் தயங்குவது நியாயமான தயக்கம். அதனால் அரசு தன்னிடமிருந்து தொடங்கலாம். மாநகராட்சியும், வாரியங்களும், மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களும் பெண்கள் நடத்தும் குறுநிறுவனங்களுக்கு எத்தனை பில் வந்தது, எத்தனை நாளில் பணம் போனது என்று மாதாமாதம் இணையத்தில் போடட்டும். கிண்டி அலுவலகம் தன் பங்குக்கு, வங்கிக் கிளை வாரியாக எத்தனை பெண்களின் விண்ணப்பம் போனது, எத்தனை சாங்ஷன் ஆனது, அவற்றில் எத்தனை பேருக்கு நடைமுறை மூலதனமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்று மூன்று பத்தியில் ஒரு அட்டவணை போடட்டும். மூன்றாவது பத்தியில் என்ன எண் வரும் என்று எங்களுக்கு ஓர் ஊகம் உண்டு. அடுத்த கடன் மேளாச் செய்தியில் உங்கள் செய்தியாளர் அதைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பெண்களின் தொழில்கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரும் தோழியர்,
பெரம்பூர், சென்னை – 11